கருத்து நம்முடையது, வாக்கு அவரவருடையது

ஜனாதிபதித் தேர்தல் முடிந்து பாடசாலை மீண்டும் தொடங்கிய நாள் அது. 2024 செப்டெம்பர் கடைசி வாரம். பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஆசிரியர்கள் நான்கு பேர் ஒன்றாக இருந்தோம். இருவருக்குத் தேர்தல் கடமைக்குப் போய்வந்த களைப்பு. மற்ற இருவரின் விரலிலும் மை இன்னும் அழியவில்லை. கடல்நீரேரி தெரியத் தொடங்கிய இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் பின்னிருக்கையில் இருந்தவர் முந்திக்கொண்டார்: "சேரிட்டக் கேட்பான் ஏன்? அவையள் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போடுறவை."

அவர் கெட்ட மனிதர் அல்ல. நோன்பு காலத்தில் என் முன்னால் தண்ணீர் குடிக்கவே கூசுகிறவர். அந்தப் பேச்சில் பகை எதுவும் இல்லை. ஆனாலும் அது என்னைக் குத்தியது. முஸ்லிம் என்றால் ஒரே மூளை, ஒரே கை, ஒரே புள்ளடி என்று அவர் எண்ணிவிட்டார். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் அந்தத் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரித்தது உண்மைதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே மூன்று தெரிவுகள் இருந்தன. அதனால் மூண்ட சண்டை அப்போதும் ஆறவில்லை.

அந்தச் சண்டையை மூட்டியவன் நான்தான். பஸ்ஸில் எனக்கு நேர்ந்ததை நான் ஏற்கெனவே என் மச்சானுக்குச் செய்திருந்தேன். அந்த அனுபவத்தை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு வட்சப் குழுமமும் ஒரு வார்த்தையும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்கு எட்டு வயது. புத்தளத்தில் வளர்ந்தேன், ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்தேன், பின்னர் வன்னிக்கு ஆசிரியராக வந்தேன். என் தங்கையும் மச்சானும் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். மச்சானுக்கு உப்பளத்தில் கூலி வேலை.

தேர்தலுக்கு முந்திய வாரம் எங்கள் குடும்ப வட்சப் குழுமத்தில் மச்சான் தன் தெரிவைச் சொன்னார். அது என் தெரிவு அல்ல. நான் நீளமாக எழுதினேன். பொருளாதாரம், ஊழல், சிறுபான்மையினர் பாதுகாப்பு என்று பாடம் நடத்தினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: காசுக்கும் பயத்துக்கும் போடுகிற வாக்கு இது. மச்சான் பதில் எழுதவில்லை. இரவு குழுமத்தை விட்டு வெளியேறிவிட்டார். தங்கையும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

டிசம்பர் விடுமுறையில் புத்தளம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாய் வரவில்லை. மச்சான்தான் பேச்சைத் தொடங்கினார். "உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் மச்சான். எங்களுக்கு மழை பெஞ்சா உப்பும் போச்சு, கூலியும் போச்சு. 2022ல எண்ணெய் வரிசையில நிண்ட நாளெல்லாம் வீட்டுல அடுப்பு எரியல்ல. அந்த நாள் திரும்பி வராதெண்டு ஆரைப் பார்த்து நம்பினேனோ அவருக்குப் போட்டன். நீங்க ஏனெண்டு கேக்கல்ல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

அந்தக் காரணம் என் நீண்ட பதிவில் எங்கும் இல்லை. அதைக் கேட்ட பிறகும் என் அரசியல் கருத்து மாறவில்லை. ஆனால் "காசுக்கும் பயத்துக்கும்" என்ற வார்த்தையை நினைத்து வெட்கப்பட்டேன். அவருடைய வாக்கை நான் எடைபோட்டேன், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் தந்த இரண்டு உரிமைகள்

எங்கள் அரசியலமைப்பு இரண்டு உரிமைகளைத் தந்திருக்கிறது. 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 93ஆவது உறுப்புரை வாக்களிப்பு சுதந்திரமாகவும் சமமாகவும் இரகசியமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முதலாவது உரிமையால் என் கருத்தைச் சந்தியில் நின்றும் சொல்லலாம். இரண்டாவதால் என் வாக்கை எவரும் எட்டிப் பார்க்க முடியாது. ஒன்று வாயைத் திறந்துவிடுகிறது, மற்றது கையைப் பாதுகாக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் சண்டை வருகிறது.

இரகசிய வாக்குரிமை உலகில் எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் பகிரங்கமாகவே தன் தெரிவைச் சொல்ல வேண்டியிருந்தது. நிலம் குத்தகைக்கு எடுத்த விவசாயி தன் நிலவுடைமையாளர் பார்த்திருக்க வேறொருவருக்கு எப்படி வாக்களிப்பான்? அதனால்தான் 1856இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவிலும் தொடங்கிய இரகசிய வாக்களிப்பு முறை பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. அது ஏழையைப் பணக்காரனிடமிருந்தும், தொழிலாளியை முதலாளியிடமிருந்தும் காப்பாற்றியது. சில வீடுகளில் மனைவியைக் கணவனிடமிருந்தும், தம்பியைக் காக்காவிடமிருந்தும் இன்றும் காப்பாற்றுகிறது.

வாக்குச் சாவடியில் கடமை செய்த ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மறைப்புக்குள் வாக்காளர் தனியாகவே போகிறார். வாக்குச்சீட்டைப் படம் பிடிக்கத் தடை. வாக்காளர் யாரென்று அடையாளம் காட்டும் எழுத்தோ குறியோ சீட்டில் இருந்தால் அது நிராகரிக்கப்படும். தன் வாக்கைத் தானே அடையாளம் காட்டுவதைக்கூடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏனென்றால் ஒருவர் காட்டத் தொடங்கினால், காட்டாதவர்மீது சந்தேகம் வரும்.

ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்பத்தைக் குறிக்கலாம். 2024இல்தான் முதல் தடவையாக எவருக்கும் முதற் சுற்றில் பாதிக்கு மேல் கிடைக்காமல் இரண்டாவது விருப்பங்கள் எண்ணப்பட்டன. "இவர்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவரும் பரவாயில்லை" என்று ஒரு மனிதரின் மனம் நினைக்கலாம் என்பதை வாக்குச்சீட்டே ஏற்றுக்கொள்கிறது. நாம்தான் ஒருவரை ஒரே ஒரு நிறத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

ஏறக்குறைய 90,000 பேரில் ஒருவர்

நான் பாடம் சொல்லிக் கொடுக்கும் இந்த மண்ணில் வாக்கின் இரகசியம் பற்றிப் பேசினால் 2005 நவம்பர் 17ஐத் தவிர்க்க முடியாது. அன்று ஆனையிறவு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. தேர்தலைப் புறக்கணிக்கும் அழைப்பு இருந்தது, அதற்குப் பின்னால் அச்சமும் இருந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பு 1.2 சதவீதம் மட்டுமே. அந்த மாவட்டத்தில் அடங்கும் கிளிநொச்சித் தொகுதியில் ஏறக்குறைய 90,000 பேர் வாக்காளர்களாகப் பதிவாகியிருந்தார்கள். போடப்பட்டது ஒரே ஒரு வாக்கு.

அந்த எண்ணைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒரே ஒருவர் வாக்களிக்கும் இடத்தில் இரகசியம் எங்கே இருக்கும்? பெட்டியைத் திறந்தால் அவருடைய மனமும் திறந்துவிடும். மற்ற எல்லோரும் வீட்டில் இருந்தபோது அவருடைய வாக்குக்கு மறைப்பாக நின்றது ஓர் அட்டைப் பெட்டிதான். நம் வாக்கை இரகசியமாக வைத்திருப்பது அந்த அட்டை மறைப்பு மட்டுமல்ல, நம்மோடு சேர்ந்து வாக்களிக்கும் அயலவர்களும்தான். வேறு கட்சிக்குப் போடும் அயலவரும் என் இரகசியத்துக்குக் காவல். அவர் இல்லாவிட்டால் நான் அம்பலம்.

அந்தத் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான வித்தியாசம் 180,786 வாக்குகள். அந்தப் புறக்கணிப்பு நல்லதா கெட்டதா என்று இன்றும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் வாதம் நடக்கும். வாதம் நடக்கட்டும். வாக்களிக்காமல் இருப்பதும் ஓர் அரசியல் கருத்துத்தான். 2024இலும் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. விரும்பியவர்கள் வீட்டில் இருந்தார்கள், விரும்பியவர்கள் சாவடிக்குப் போனார்கள். தானாக எடுத்த முடிவை மதிக்கலாம். பயமுறுத்தி எடுக்க வைத்ததை முடிவு என்றே சொல்ல முடியாது.

எங்கள் மக்களுக்கும் இந்தப் பயம் புதிதல்ல. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வாழும் இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் மன்னாரில் வாக்களிப்பதற்காக விடியுமுன் பஸ்களில் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பகுதியில் வீதியில் டயர்கள் எரிக்கப்பட்டு, பஸ்கள்மீது கல் வீசப்பட்டது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பஸ்களில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளுக்குத்தான் போடப் போகிறார்கள் என்று கல் வீசியவர் முடிவு செய்திருந்தார். ஒரு பஸ்ஸை ஒரு வாக்காக எண்ணியவரின் வேலை அது.

துரோகியும் முனாபிக்கும்

வடக்கில் "துரோகி" என்பது வெறும் ஏச்சல்ல. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா அந்தப் பெயர் சூட்டப்பட்ட பின்பே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு காலத்தில் மேடைகளில் அந்தச் சொல் ஒலித்த கட்சியின் தலைவரான அமிர்தலிங்கமும் 1989இல் அதே முத்திரையோடு சுடப்பட்டார். 1990இல் ஏறத்தாழ 75,000 வடக்கு முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டது, ஒரு சமூகத்தையே சந்தேகத்துக்குரியதாகப் பார்த்ததன் விளைவு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு சம்பந்தமே இல்லாத முஸ்லிம்கள் கேட்ட ஏச்சுகளும் அப்படித்தான். முதலில் பெயர் சூட்டப்படுகிறது. மற்றது பின்னால் வருகிறது.

இவ்வளவையும் அனுபவித்த நாம் நமக்குள் என்ன செய்கிறோம்? தேர்தல் வந்தால் "சமூகத் துரோகி" என்கிறோம். அது போதாதென்று "முனாபிக்" என்கிறோம். ஒரு சகோதரர் யானைக்குப் போட்டாலும், மரத்துக்குப் போட்டாலும், திசைகாட்டிக்குப் போட்டாலும் அது வீதி, விலைவாசி, காணி, பாதுகாப்பு பற்றிய அவருடைய கணிப்பு. ஈமானின் அளவுகோல் அல்ல. ஒருவருடைய உள்ளத்தில் இருப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். வாக்குப் பெட்டியைப் பார்த்து நயவஞ்சகத்தை அளக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம், துருவித் துருவி ஆராய வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத் போதிப்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். தேர்தல் காலத்துக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று நம் உலமாக்கள் சொல்வார்கள். எனக்கு அது பிடித்த விளக்கம். சாட்சி தான் கண்டதைச் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்லிக் கொடுத்ததை அல்ல. உப்பளத்தில் மச்சான் கண்டது வேறு, வகுப்பறையில் நான் கண்டது வேறு. அவரவர் கண்டதற்கு அவரவர் சாட்சி. சாட்சியைக் கலைப்பது பாவம் என்று தெரிந்த நாம், வாக்காளரைக் கலைப்பதைக் கெட்டித்தனம் என்கிறோம்.

அகழ்ப் போர் முடிந்த பின் நடந்த ஒரு சம்பவத்தைப் பலரும் அறிவோம். போய்ச் சேரும் இடத்தில்தான் அஸர் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்து அனுப்பினார்கள். வழியிலேயே நேரம் நெருங்கியது. விரைந்து போகச் சொன்னதுதான் நோக்கம் என்று விளங்கிய சிலர் வழியில் தொழுதார்கள். சொல்லை அப்படியே எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். விடயம் தெரியவந்தபோது எந்தத் தரப்பையும் நபியவர்கள் கண்டிக்கவில்லை. தொழுகையிலேயே இந்த இடம் இருந்ததென்றால், பாராளுமன்றத் தேர்தலில் எவ்வளவு இடம் இருக்க வேண்டும்!

யாரை விமர்சிக்கலாம்?

இப்படிச் சொன்னால் ஒரு நண்பர் கேட்பார்: அப்படியென்றால் யாரையும் ஒன்றும் சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். ஆளை மட்டும் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டு சமூகமே துடித்துக்கொண்டிருந்த காலம். ரவூப் ஹக்கீமும் ரிஷாட் பதியுதீனும் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களுடைய கட்சிகளின் உறுப்பினர்கள் சிலரோ ஆதரித்துக் கை உயர்த்தினார்கள். மக்கள் கோபப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள். அது நியாயம். பாராளுமன்ற உறுப்பினர் வாக்களிப்பது நம் சார்பில். அதனால்தான் அவருடைய வாக்கு பகிரங்கமாகப் பதிவாகிறது. அதற்கு அவர் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

வாக்காளர் நிலை வேறு. அவர் எவருடைய பிரதிநிதியும் அல்ல, தனக்காகவே வாக்களிக்கிறார். அதனால்தான் அவருடைய வாக்கு இரகசியம். நம் ஊர்களில் இது தலைகீழாகிவிட்டது. கை உயர்த்திய உறுப்பினருக்கு மீண்டும் பொன்னாடை. அவருக்குப் போட்ட ஏழைக்கு வட்சப்பில் ஏச்சு.

எட்டு மாதத்தில் மூன்று தேர்தல்கள்

கருத்து வேறுபாட்டைப் பகையாக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. மனிதர்கள் மாறுவார்கள். அதற்கு எங்கள் மாவட்டத்தையே உதாரணமாகச் சொல்லலாம்.

2024 செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். கிளிநொச்சியின் ஸ்ரீதரன் அவருக்காக மேடை ஏறினார். ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பக்கம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086 வாக்குகள்.

54 நாட்கள் கழித்து, நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதே மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு முதலிடம் பெற்று ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது. பிறகு 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது.

எட்டு மாதத்துக்குள் காற்று மூன்று திசையில் அடித்திருக்கிறது. செப்டெம்பரில் அயலவரை முட்டாள் என்றவர் நவம்பரில் தானே அவர் பக்கம் போனார். நவம்பரில் சிரித்தவர் மேயில் திரும்பி வந்தார். இவர்கள் எல்லோரும் துரோகிகளா? இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கேள்வி முன்னால் இருந்தது, அந்தக் கேள்விக்குத் தங்களுக்குப் பட்ட பதிலைச் சொன்னார்கள். இன்று நாம் ஏசுகிறவரோடு நாளை ஒரே வரிசையில் நிற்க வேண்டி வரலாம். வரிசையில் நிற்கும்போது முகம் கொடுத்துப் பேச ஏதாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

எப்படிச் சொல்வது?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். அரசியல் பேசாத சமூகமும் அப்படித்தான். "நமக்கேன் வம்பு" என்று எல்லோரும் வாய்மூடி இருந்தால் தேர்தலுக்கு முதல் நாள் இரவு வரும் அரிசிப் பொதிதான் பேசும். அதனால் கருத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உப்பை மேசையில் வைக்கலாம், அடுத்தவர் கோப்பையில் அள்ளிக் கொட்டக் கூடாது. ஆசிரியனாக நான் கற்றுக்கொண்ட சில விடயங்கள் இவை.

முதலாவது, "யாருக்கு?" என்று கேட்காமல் "எதற்காக?" என்று கேட்போம். "யாருக்கு" என்பது ஆளை விசாரிக்கும் கேள்வி. "இந்தத் தேர்தலில் உங்களுக்கு எது பெரிய பிரச்சினை?" என்று கேட்டால் இரகசியமும் காக்கப்படும், உரையாடலும் வளரும். நான் மச்சானிடம் கேட்கத் தவறியது இதைத்தான்.

இரண்டாவது, "நான் நினைக்கிறேன்" என்று தொடங்குவோம். "சமூகம் முடிவெடுத்துவிட்டது" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. சமூகம் எடுத்த முடிவு பெட்டி திறந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவது, காரணத்தைச் சொல்வோம், சரிபார்க்கக் கூடியதைச் சொல்வோம். ஒரு வேட்பாளர் எந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், எந்த வாக்குறுதியை நிறைவேற்றினார் என்பது தகவல். "அவன் வந்தால் பள்ளிவாசலை மூடுவான்" என்று ஆதாரமில்லாமல் பரப்புவது கருத்தல்ல, பயமுறுத்தல்.

நான்காவது, அதிகாரம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மிம்பரில் நிற்பவருக்கு மறுத்துப் பேச ஜும்ஆவில் எவருக்கும் இடமில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரை எதிர்த்துப் பேச மாணவனுக்குத் துணிவு வராது. சம்பளம் கொடுக்கும் முதலாளிக்குத் தொழிலாளி தலையாட்டத்தான் செய்வான். பதில் சொல்ல முடியாதவரிடம் சொல்லப்படும் கருத்து பாதி உத்தரவு. என் மாணவர்களுக்கு வாக்களிக்கும் முறையைக் கற்பிக்கிறேன், விருப்பு வாக்கு எண்ணும் விதத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். சேர் யாருடைய ஆள் என்று அவர்கள் கேட்டால், "பதினெட்டு வயதானதும் வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பேசுவம்" என்பேன்.

ஐந்தாவது, வீட்டுக்குள். உம்மாவின் வாக்கு வாப்பாவுடையது அல்ல. "நம்ம வீட்டில் ஆறு வாக்கு" என்று வேட்பாளரிடம் கணக்குச் சொல்லும் வீட்டுத் தலைவர் தன்னுடையதல்லாத ஐந்து அமானிதங்களைப் பேரம் பேசுகிறார். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஆறாவது, முடிவு வந்த பிறகு. வென்றவர் வெடி கொளுத்தலாம், தோற்றவர் வீட்டு வாசலில் கொளுத்தக் கூடாது. தோற்றவர் விமர்சிக்கலாம், வாக்காளரைச் சபிக்கக் கூடாது.

என் கருத்து இது

இவ்வளவு சொல்லிவிட்டு என் கருத்து ஒன்றைச் சொல்லாமல் போனால் நானே என் பேச்சை நம்பாதவனாகிவிடுவேன்.

வடக்கின் முதலாவது மாகாண சபை 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி தெரிவு செய்யப்பட்டது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அதை நடத்த வேண்டும் என்பது என் கருத்து. மீளக் குடியேறிய முஸ்லிம்கள் தங்கள் காணி, வீடு, பாடசாலைப் பிரச்சினைகளைக் கொழும்பு அமைச்சர் வழியாக மட்டும் கேட்காமல், தமிழ் அயலவர்களோடு ஒரே சபையில் இருந்து பேச வேண்டும் என்றும் நினைக்கிறேன். 30 ஆண்டுகளாக எங்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும்.

மச்சான் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். "பெரும்பான்மை அவங்களிட்ட இருக்கிற சபையில எங்கட குரல் எடுபடுமா?" என்பார். 1990ஐ அனுபவித்தவரின் கேள்வி அது. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டே என் கருத்தில் நிற்கிறேன். இப்போது அவர் மீண்டும் குழுமத்தில் இருக்கிறார். வாதம் செய்கிறார், நானும் செய்கிறேன். வாதம் முற்றினால் தங்கை குரல் பதிவு ஒன்று அனுப்புவாள்: "ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கோ."

பஸ்ஸில் அன்று அப்படிச் சொன்ன ஆசிரியரிடம் பிறகு ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் மூன்று தெரிவு என்று கேட்டதும் அவர் சிரித்தார். "எங்கட வீட்டிலயும் மூண்டுதான் சேர். நான் அண்ணையோட இன்னும் கதைக்கேல்லை" என்றார். 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரம், அதே பஸ்ஸில், அதே இடத்தில் மீண்டும் என் பக்கம் திரும்பினார். இந்த முறை கேள்வி வேறு: "சேர், இந்தமுறை உங்கட ஆக்களுக்கு என்ன தேவை எண்டு நினைக்கிறியள்?"

பள்ளிக்கூட வாசல் வரும்வரை பேசினேன். யாருக்குப் போடப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவரிடம் நானும் கேட்கவில்லை. அன்று மாலை அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்ததாக அடுத்த நாள் சொன்னார்.